தொடரச் சம்மதம்

நியாயம் கேட்கும் நெஞ்சம் படைத்தவர்களே, இந்த வீட்டுக்குள் ஒருமுறை வந்து போங்கள். தலையைக் குனிந்து வாருங்கள். வாசலுக்கு மேலே துணி காயும் கயிறு தாழக் கட்டியிருக்கிறது. இங்கே ஒரு திருட்டு நடந்திருக்கிறது. பூட்டு உடையவில்லை, பெட்டி புரட்டப்படவில்லை. களவு போனது ஒரு பெண்ணின் படிப்பு. களவாடியது ஒரு சொல். அந்தச் சொல்லை இந்த வீட்டுக்கு அனுப்பியவர்கள் படித்தவர்கள், பட்டம் வழங்கும் மேடைகளில் கறுப்பு அங்கி அணிந்து நிற்பவர்கள். அவர்களைக் கூண்டில் ஏற்ற எனக்கு அதிகாரம் இல்லை. சாட்சிக்கு உங்களைக் கூப்பிட உரிமை உண்டு. கூப்பிடுகிறேன்.

பெரிய மருத்துவமனையின் பின்மதிலை ஒட்டிய சந்தில், டயர் ஒட்டும் கடைக்கு மேல்மாடி. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் மருத்துவமனைச் சலவைக் கூடத்தின் புகைபோக்கி. அந்தப் பெண்ணின் தந்தை வேலை செய்வது அங்கேதான். அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைத்து நெடுநாளாகிறது. விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளையின் முன் நிற்பவர் என்பதால் அவர் ரோலர். கொதிகலனைக் காக்கும் அவருடைய கூட்டாளி பாய்லர். இருவரும் சேர்ந்து வெளியே வந்தால், "மெஷின் ரெண்டும் வீட்டுக்குக் கிளம்பிடுச்சு, இனிமே துணியெல்லாம் தானே துவைச்சுக்க வேண்டியதுதான்" என்பார் வாயிற்காவலர்.

அந்த வேலையைச் சற்று நின்று பாருங்கள். வார்டுகளிலிருந்து தள்ளுவண்டிகளில் விரிப்புகள் வந்து குவியும். இரத்தம் பட்டவற்றைப் பிரித்து முதலில் பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். வெந்நீரில் போட்டுவிட்டால் கறை அந்தத் துணியோடு குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும். பிறகு எந்தச் சோப்பாலும் அதை வெளியேற்ற முடியாது. அப்புறம் துவைப்பு, பிழிவு, கடைசியில் உருளை. ஈரத்துணியின் இரு முனைகளையும் இருவர் பிடித்து உள்ளே ஊட்டுவார்கள். மறுபுறம் அது காகிதம்போல் விறைத்து, தொட முடியாத சூட்டில் வெளியே வரும். தொட முடியாததைத் தொடுவதுதான் ரோலரின் தொழில். தொட்டுத் தொட்டு விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து போயிற்று. வருகைப் பதிவு இயந்திரம் அவரை ஓர் ஆளாகவே ஒப்புக்கொள்வதில்லை. "மெஷினுக்கும் தெரிஞ்சிருக்கு பாருங்க, நான் தற்காலிகம்னு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

தற்காலிகம். அந்தச் சொல்லைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

மகள் பிறப்பதற்கு முன்பே அந்தக் கூடத்தில் சேர்ந்தவர் அவர். இன்றும் தற்காலிகப் பணியாளர். மகள் எழுத்துக் கற்கத் தொடங்கிய காலத்தில், நெடுநாள் உழைத்தவர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு எழுந்தது. பேச்சுக்குப் பின்னாலேயே ஒரு தாளும் வந்தது. 'தற்காலிகப் பணியில் தொடரச் சம்மதம்' என்று அதில் அச்சடித்திருந்தது. மேற்பார்வையாளர் பேனாவை நீட்டினார்.

"எல்லாருக்கும் இப்படித்தான்பா. சும்மா ஒரு கையெழுத்து."

ரோலர் போட்டார். பாய்லர் போட்டார். பின்னர் நிரந்தரம் கேட்டுப் போனபோது அதே தாளை எடுத்து நீட்டினார்கள். நீங்களே சம்மதித்து எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, பிறகென்ன வழக்கு? கையெழுத்துப் போடாமல் முரண்டு பிடித்த ஒரே ஒரு பெண்மணி, தையல் பிரிவில் இருந்தவர், இன்று ஓய்வூதியம் வாங்குகிறார். அவர் எதிரே வந்தால் பாய்லர் தெருவின் மறுபக்கம் மாறிவிடுவார்.

இனி மகள். சிறுமியாக இருந்தபோது தந்தைக்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கூடத்தின் கம்பிக் கதவருகே நின்று கேட்பாள்: "ஏம்பா, ரத்தத்துக்கு மட்டும் ஏன் பச்சைத் தண்ணி?"

"வெந்நீர் ஆகாதும்மா."

"ஏன் ஆகாது?"

"ஆகாதுன்னா ஆகாது. போய்ப் படி."

போய்ப் படித்தாள். பள்ளியில் விடை கிடைத்த அன்று மாடிப்படியைத் தாவித் தாவி ஏறி வந்தாள். "அப்பா, முட்டை வேகுற மாதிரிப்பா! சூடு பட்டா ரத்தம் நூலுக்குள்ளயே வெந்து ஒட்டிக்குது!" ரோலர் அதைக் கூடத்தில் சொல்லாத ஆளில்லை. வேதியியல் படிக்க வேண்டும் என்று அவள் விண்ணப்பித்தது அந்த முட்டையிலிருந்து பிறந்த ஆசை. மதிப்பெண்ணும் குறைவில்லை. கல்லூரியிலிருந்து முடிவு வர வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

முடிவு எப்படி வந்தது, பாருங்கள். வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. வாழ்த்துகிறோம் என்று ஒரு வாய் சொல்லவில்லை. தூறல் விடாத ஒரு நண்பகலில், வீட்டுக்கு ஒன்றாக இருந்த கைபேசியில், சலவைக் கூடத்து அலமாரிக்குள் அது வந்து கிடந்தது. தேநீர் இடைவேளையில் கைபேசியை எடுத்த ரோலர், கொதிகலன் அறையின் தாழ்வாரத்தில் நின்று எழுத்துக் கூட்டினார்.

'விண்ணப்பதாரர் கவனத்திற்கு. வேதியியல் துறையில் தங்களுக்கு ஓர் இடம் தற்காலிகமாக ஒதுக்கப்பட்டுள்ளது. உரிய காலத்திற்குள் உறுதி செய்யப்படாத இடங்கள் ரத்து செய்யப்படும்.'

"பாய்லரே, இங்க வா. இதைப் படி."

பாய்லர் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தார். முதல் வரியில் விரிந்த முகம் அடுத்த வரியில் சுருங்கியது.

"இடம் ஒதுக்கியாச்சுன்னு போட்டிருக்கான். அது வரைக்கும் சரி. இந்தச் சனியன் புடிச்ச வார்த்தை இங்க எப்படி வந்துச்சு?"

"நானும் அதைத்தான் பாக்கறேன்."

"உறுதி செய்யப்படாத இடம் ரத்து. அப்படின்னா என்ன? அவங்க உறுதி பண்ணினா உண்டு, பண்ணலேன்னா போயிடும்."

"நமக்கு எப்ப உறுதி பண்ணினாங்க?"

"நமக்கா? நம்மளை எரிச்ச சாம்பலைத்தான் உறுதி பண்ணுவாங்க." பாய்லர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "உம் பொண்ணுக்காவது தற்காலிகம். எம் பையனும் அங்கதான போட்டான்? காத்திருப்புன்னு வந்திருக்கு. எங்க வீட்டுல உக்காந்து காத்திருக்கிறதுக்கு நாற்காலிகூடக் கிடையாது."

மாலையில் தாய் வந்தாள். ரொட்டி அடுமனையில் பொட்டலம் கட்டும் வேலை அவளுக்கு. உடைந்த பிஸ்கட்டுகளை ஒரு பையில் கொண்டுவருவாள்; அந்த வீட்டில் முழு பிஸ்கட்டைப் பார்த்தவர் யாருமில்லை. நனைந்த செருப்பை உதறியவள், தந்தையும் மகளும் கைபேசியின் மேல் குனிந்திருப்பதைக் கண்டாள். பாய்லரும் வந்து படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

"இடம் கிடைச்சிருக்கும்மா" என்றாள் மகள்.

"அதுக்கு ஏண்டி எல்லாரும் இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"தற்காலிகமாம்" என்றார் ரோலர்.

தாய் பையைக் கீழே வைத்தாள். அந்தச் சொல்லுக்கு அவளிடம் தனி விளக்கம் தேவைப்படவில்லை. கணவன் காய்ச்சலில் கிடந்த ஒவ்வொரு நாளும் கூலி இல்லாமல் போனது அந்தச் சொல்லால்.

மகள் கல்லூரியின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். 'நிலை: தற்காலிகம். உறுதி செய்யப்படவில்லை' என்று சிவப்பில் நின்றது. கீழே தள்ளித் தள்ளிக்கொண்டு போனால் நிபந்தனைகள், விதிகள், துணைவிதிகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொத்தான். அதில் எழுதியிருந்ததை மகள் உரக்கப் படித்தாள்.

"தற்காலிக இடத்தில் தொடரச் சம்மதம்."

பாய்லர் எழுந்து நின்றுவிட்டார். மகளின் விரல் பொத்தானை நோக்கிப் போயிற்று. ரோலர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அமுக்காத."

"அப்பா, எல்லாருக்கும் இப்படித்தான் வருதாம்பா. கூடப் படிச்சவ ஒருத்தி சொன்னா."

"எல்லாருக்கும் இப்படித்தான்னுதாம்மா எங்ககிட்டயும் சொன்னாங்க."

"இது காலேஜுப்பா."

"அது ஆஸ்பத்திரி. உசிரைக் காப்பாத்துற இடம். அங்கயே எங்களை எழுதி வாங்கிட்டாங்க. தற்காலிகத்துக்குச் சம்மதம்னு நீ அமுக்கிட்டா, நாளைக்கு நடுவுல போன்னு சொன்னா எந்த வாயை வச்சுக்கிட்டுக் கேப்ப? நீதானே சம்மதிச்சன்னு எடுத்துக் காட்டுவாங்க."

"அதே வார்த்தை, பாப்பா" என்றார் பாய்லர் மெதுவாக. "ஒரு எழுத்துகூட மாத்தல. தொடரச் சம்மதம். எனக்கு மயிர்க்கூச்செடுக்குது."

"அப்ப என்னதான் பண்றது?" என்றாள் தாய்.

"உறுதி பண்ணட்டும். அவங்கதானே பண்ணணும்? பண்ணினதும் சேரலாம். அதுவரைக்கும் யாரும் எதையும் அமுக்க வேண்டாம்."

பள்ளியில் முதல் வரிசையில் அமர்ந்தவள், ரசாயனச் சமன்பாடுகளைத் தண்ணீர் பட்டபாடாகச் சொல்பவள், தந்தையின் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ விஷயங்களில் அவரைத் திருத்தியிருக்கிறாள். இந்த ஒரு சொல்லில் மட்டும் அவரை மிஞ்சிய அறிவாளி இந்த ஊரிலேயே கிடையாது. அவர் அதற்குள்ளேயே குடியிருந்தவர். விரலை எடுத்துக்கொண்டாள்.

அறியாமை என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். சூடு பட்ட கை பின்வாங்குவது அறியாமையா? யார் உறுதி செய்ய வேண்டும் என்று அந்த இரண்டு வரியில் எங்கே இருக்கிறது? 'செய்யப்படாத', 'செய்யப்படும்'! செய்கிறவன் ஒளிந்துகொள்ளும் சொற்கள். ஆணையிடுகிறவனின் முகத்தை மறைக்க அலுவலகங்கள் கண்டுபிடித்த திரை அது. திரைக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று இந்த வீட்டுக்கு எப்படித் தெரியும்?

கேட்காமலும் இருக்கவில்லை. பள்ளிக்குப் போனாள் மகள். விடுமுறை, கதவில் பூட்டு. கல்லூரிக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது' என்றது ஒரு பதிவுக் குரல். பிறகு இசை. இசை முடிந்து மறுபடியும் முக்கியம். பிறகு துண்டிப்பு. தாய் காதில் வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இவ்வளவு மரியாதையா இதுவரைக்கும் யாரும் என்னைக் கழட்டி விட்டதில்ல."

தூறல் நிற்கவில்லை. வீட்டில் எதுவும் காயவில்லை. வேலையிலிருந்து வந்ததும் ரோலர் முதலில் கேட்பது, "உறுதியாயிடுச்சா?" மகள் கைபேசியைத் திறப்பாள். 'உறுதி செய்யப்படவில்லை.' "ஆகலப்பா." வேகவைத்த உருளைக்கிழங்கையும் ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் சாய்வார்கள். கேள்வியும் பதிலும் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் அவர் புருவத்தை உயர்த்துவார், அவள் தலையை ஆட்டுவாள், அவ்வளவோடு போயிற்று. நம்பிக்கை உடைந்தால் சத்தம் கேட்கும்; அலுத்துப்போனால் கேட்பதில்லை.

ஒருநாள் காலை, தந்தை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், சிவப்பு எழுத்துகள் மாறியிருந்தன. 'நிலை: ரத்து.' கீழே தள்ளிப் பார்த்தாள். பொத்தானைக் காணவில்லை.

மூவரும் கல்லூரிக்குப் போனார்கள். உயர்ந்த வாயில், வெட்டிவிட்ட புல், துடைத்த படிகள். சேர்க்கைப் பிரிவின் கண்ணாடிச் சாளரத்துக்குப் பின்னால் ஓர் இளம்பெண். அவள் மேசையில் தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. கைபேசியை வாங்கிப் பார்த்தாள்.

"நீங்க உறுதி செய்யலையே."

"நாங்களா?" என்றார் ரோலர். "உறுதி நீங்கல்ல செய்யணும்?"

"நாங்க எதுக்குங்க? இடம்தான் கொடுத்தாச்சே. வேணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும். கீழ ஒரு பட்டன் இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. தற்காலிகத்துக்குச் சம்மதம்னு இருந்துச்சு."

"ஆமா, அதேதான். அதை அமுக்கியிருந்தா முடிஞ்சது."

"அப்ப தற்காலிகம்?"

"அது சும்மா ஒரு வார்த்தைங்க. சான்றிதழைச் சரிபார்க்குற வரைக்கும் அப்படிப் போடறது. எல்லாருக்கும் இப்படித்தான்."

ரோலர் சாளரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சும்மா ஒரு கையெழுத்து; சும்மா ஒரு வார்த்தை. போட்டதால் ஒன்றை இழந்தார். போடாததால் மற்றொன்றை இழந்தார். அன்று ஏமாற்றியவர்களும் இன்று அலட்சியம் செய்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் இரு தரப்பாரின் கைகளும் சேர்ந்தே இந்த மனிதரின் கழுத்தில் கிடந்தன.

"இப்ப ஏதாவது பண்ண முடியுமாம்மா?" என்றாள் தாய்.

"காலியான இடமெல்லாம் அடுத்த சுற்றுக்குப் போயிடுச்சுங்க. மெஷின் பண்றது. இனி அடுத்த வருஷம்தான்."

"அந்த போன் அடிக்குதே, எடுக்க மாட்டீங்களா? நாங்களும் கூப்பிட்டோம்."

"எடுத்தா உங்களுக்கு யார் பதில் சொல்றது? ஒருத்திதாங்க இருக்கேன். நானே ஏஜென்சி ஆளு. இந்தச் சேர்க்கை முடிஞ்சா எனக்கும் வேலை முடிஞ்சுது." அவள் கண்களின் கீழே கருவளையம் தொங்கியது.

ரோலர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

திரும்பும் வழியில் பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தாய், கணவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "உங்க பயத்தை உங்களோட வச்சுக்கக் கூடாதா? அதை ஏன் அவ கையில கட்டினீங்க?"

மகள்தான் பேசினாள், வெளியே பார்த்தபடி.

"வெந்நீர்ல போட்டுட்டோம்பா."

அதன்பின் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மேற்பார்வையாளர் ஆள் அனுப்பினார். மடிப்பு மேசைக்கு ஆள் வேண்டுமாம், பெண்ணை அனுப்பச் சொன்னாராம், தற்காலிகமாக. "அந்த வாசப்படியை எம் பொண்ணு மிதிச்சா எங்காலை உடைச்சுக்குவேன்" என்றாள் தாய். மகளைத் தன்னோடு அடுமனைக்கு அழைத்துப் போனாள். மாலையில் இருவரும் ஒரே சோர்வோடு படியேறி வருவார்கள்.

அப்படி வந்த ஒரு மாலையில், உள்ளே ரோலர் சாய்ந்திருக்க, பாய்லர் படியில் நின்றுகொண்டிருந்தார். உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை. மகன் மூட்டை இறக்கப் போயிருக்கிறானாம். அவன் கைபேசி இவர் சட்டைப்பையில் இருந்தது.

"ரோலரே… ஒரு சங்கதி. சொல்லவா வேண்டாமான்னு தெரியல."

"பாதி சொல்லியாச்சு, மீதியையும் சொல்லு."

பாய்லர் கைபேசியை நீட்டினார். மகள்தான் வாங்கிப் படித்தாள். 'வேதியியல் துறையில் தங்களுக்கு ஓர் இடம் தற்காலிகமாக…' அவள் குரல் அங்கே ஒரு நொடி நின்று, பிறகு கடைசி எழுத்துவரை ஓடி முடித்தது.

"இது வேற இடமாத்தான் இருக்கும், இல்ல பாப்பா?" என்றார் பாய்லர். "உன்னோடதா இருக்காதில்ல?"

"எதுவா இருந்தா என்ன மாமா. அமுக்குங்க."

பாய்லர் கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேலே கொண்டுபோனார். தொடரச் சம்மதம். விரல் இறங்க மறுத்தது. ரோலர் எழுந்து வந்தார். மகளின் மணிக்கட்டைப் பிடித்த அதே கையால் கூட்டாளியின் மணிக்கட்டைப் பிடித்து, கீழே அழுத்தினார்.

"அமுக்குய்யா. எம் பேச்சைக் கேட்டு ஒருத்தி நின்னது போதும்."

ஒன்றும் நிகழவில்லை. கரியும் காய்ப்பும் ஏறிய அந்த விரலைக் கண்ணாடி உணரவில்லை. ரோலர் தம் விரலை வைத்துப் பார்த்தார். வழவழத்த அந்த நுனியையும் அது மதிக்கவில்லை.

"பாரு, இதுவும் நம்மளை ஆளா ஒத்துக்கல" என்றார் பாய்லர். சிரிக்க முயன்று அழுதுவிட்டார்.

மகள் கைபேசியை வாங்கினாள். தன் சுட்டுவிரலைத் தாவணி நுனியில் துடைத்தாள். ஒருமுறை தொட்டாள். 'நிலை: உறுதி செய்யப்பட்டது' என்று பச்சையில் வந்தது. அதைப் பாய்லரின் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் போய் நின்றாள். தாய் அடுப்பைப் பற்றவைத்தாள். "உக்காருங்க, டீ போடறேன். பிஸ்கட் இருக்கு, உடைஞ்சதுதான்."

சாட்சிகளே, பார்த்தீர்கள். இனி நீங்கள் போகலாம். ஆனால் எங்கே போவது என்பதை நான் சொல்கிறேன். உங்கள் ஊரில் ஒரு கல்லூரி இருக்கும். அதன் வாயிலுக்குப் போங்கள். யார் உறுதி செய்ய வேண்டும் என்பதைப் பெயரிட்டு எழுதச் சொல்லுங்கள். 'இடம் உன்னுடையது, வேண்டுமென்றால் நீ சொல்' என்று பேசும் மொழியில் எழுதச் சொல்லுங்கள். ஓர் இடத்தை ரத்து செய்வதற்கு முன், ஒரு மனிதக் குரல் அந்தப் பிள்ளையை ஒருமுறை அழைத்துக் கேட்டே ஆக வேண்டும் என்று சொல்லுங்கள். அடிக்கும் தொலைபேசியை எடுக்க ஆள் வைக்கச் சொல்லுங்கள். அந்த ஆளையும் நிரந்தரமாக வைக்கச் சொல்லுங்கள். எல்லாருக்கும் இப்படித்தான் என்பார்கள். அப்படியானால் எல்லாருக்காகவும்தான் வந்திருக்கிறோம் என்று சொல்லி, பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.

இது இப்படியே தொடர எனக்குச் சம்மதமில்லை. உங்களுக்கு?